சேவல் கணக்கு

பக்கத்து வீட்டு குலாஸ் வளர்க்கும் சண்டைச் சேவல்களைத் தெருவே திட்டும். டெல்மார் மட்டும் திட்டமாட்டான். அவன் பிழைப்புக்கு அவை வேண்டும்.

நானூறு, ஐந்நூறு பெசோவுக்குள் விற்கிற கேம் ஹெட்செட்டுகளை ஒவ்வொன்றாகத் தலையில் மாட்டி, விளையாடிப் பார்த்து, நல்லது கெட்டது சொல்லி வீடியோ போடுவது அவன் வேலை. விலை உயர்ந்த சாமானுக்குத் தீர்ப்புச் சொல்ல உலகம் பூராவும் ஆள் இருக்கிறது. கரும்புக் கூலிக்காரன் பிள்ளையும், சந்துக்குள் நாலு கம்ப்யூட்டர் போட்டுக் காசுக்கு ஆடவிடுகிறவனும் வாங்குகிற சாமானுக்கு பக்கோலோட் ஊரில் டெல்மார் சொன்னதுதான் சொல்.

அவன் சோதிக்கிற முறையே தனி. 'முதல் ஆட்டத்துல எல்லா ஹெட்செட்டும் நல்லாத்தான் இருக்கும். மூணாவது ஆட்டத்துலதான் குணம் தெரியும்' என்பான். காது வேர்க்கும், ரெக்ஸின் உறை தோலோடு ஒட்டிக்கொண்டு வரும், கண்ணாடி போட்டவனுக்குப் பொட்டில் அழுத்தி வலிக்கும். அழுத்தம் அதிகமான ஹெட்செட்டைச் சோற்றுப் பானையின் வயிற்றில் மாட்டி ஒரு ராத்திரி தொங்கவிடுவான். காலையில் இளகியிருந்தால் அதற்கொரு நல்ல வார்த்தை. பெட்டியின் மேல் என்ன எழுதியிருந்தாலும், ஏழு வர்ணத்தில் விளக்கு எரிந்தாலும் மயங்கமாட்டான். 'வெளக்கு காதுக்கா கண்ணுக்கா?' என்று ஒரே கேள்வியில் அதைத் தள்ளிவிடுவான்.

வெளிச்சத்தம் எவ்வளவு உள்ளே வருகிறது என்று பார்க்க மட்டும் அவனிடம் கருவி ஒன்றும் கிடையாது. ஜன்னலுக்கு வெளியே குலாஸின் ஏழு சேவல்கள், காலில் கயிறு கட்டி, வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் குரலும் டெல்மாருக்கு அத்துபடி. கடைசியில் நிற்கிற நொண்டிச் சேவலுக்குத் தொண்டை கட்டினாற்போல் ஒரு குரல். அது கேட்டுவிட்டால் அந்த ஹெட்செட் சல்லடைதான். இரண்டு காதையும் மூடிக்கொண்டு ஆட்டத்தைப் போட்டு, எத்தனை சேவல் கேட்கிறது என்று எண்ணிச் சொல்வான். பையன்கள் கடையில் போய் "அண்ணே, இது எத்தனை சேவல்?" என்றுதான் விலை விசாரிப்பார்கள். குறைந்தால் நல்ல சாமான்.

இந்தச் சேவல் கணக்கில் டெல்மார் பொய் சொன்னதே இல்லை. அந்த ஒரு தடவையைத் தவிர.

அவன் அப்பா தியோபிலோ ஆயுசு பூராவும் ஜீப்னி என்கிற குட்டி பஸ் ஓட்டியவர். இறங்க வேண்டியவர்கள் நாணயத்தால் மேல்கம்பியில் தட்டுவார்கள். தட்டினால் வண்டி நிற்க வேண்டும். அந்தப் பழைய என்ஜினின் இரைச்சலிலும், மழையிலும், இருபது பேர் பேச்சிலும் ஒரு தட்டுகூட அவர் காதுக்குத் தப்பாது. "தட்டினப்புறம் நிக்காதவன் டிரைவர் இல்லை, திருடன்" என்பார். வாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போனபின் அந்த ஞாபகத்தில்தான் டெல்மாரின் மனைவி லூவி அவர் கட்டில் பக்கத்து முக்காலியில் ஒரு எனாமல் கோப்பையும் கரண்டியும் வைத்தாள். இடது கையால் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் தண்ணீர். நிறுத்தாமல் தட்டினால் மூத்திர பாட்டில். தட்டினால் வீட்டில் யாராவது ஓட வேண்டும்.

லூவி சாயங்காலம் சதுக்கத்துப் பக்கம் இனாசால் என்கிற சுட்ட கோழிக் கடை போடுகிறவள். பகலில் சந்தைக்குப் போய்க் கோழி எடுத்து வர வேண்டும். அப்போதெல்லாம் வீட்டில் அப்பாவும் டெல்மாரும்தான். அதற்கு அவள் ஒரு சட்டம் போட்டிருந்தாள். அவள் வெளியே போனால் அவன் ஹெட்செட்டை ஒரு காதில்தான் மாட்ட வேண்டும். இடது காது திறந்திருக்க வேண்டும். "உன் வலது காது வியாபாரத்துக்கு, இடது காது உங்கப்பாவுக்கு" என்பாள். டெல்மார் அதை மீறியதில்லை. சேவல் எண்ணுகிற வேலையை அவள் வீட்டில் இருக்கிறபோது வைத்துக்கொள்வான்.

கரும்பு வெட்டு நடக்கிற மாதம் அது. வெட்டிய காட்டை எரித்த கரிச்சாம்பல் காற்றில் வந்து கொடித்துணியில் விழுந்துகொண்டிருந்தது. ரோமுலோ காலையிலேயே ஒரு ஹெட்செட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். சந்தையில் போன் உறையும் ஹெட்செட்டும் விற்கிறவன் ரோமுலோ. அவன் மூத்த பிள்ளைக்கு டெல்மார்தான் ஞானத்தகப்பன். அதனால் ஒருவரையொருவர் 'பாரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். புதுச் சரக்கு, பெயர் கேள்விப்படாத கம்பெனி. ரோமுலோ தைரியமாகப் பெட்டி பெட்டியாக வரவழைத்திருந்தான்.

லூவி சந்தைக்குப் போனதும் டெல்மார் அப்பாவின் கட்டிலுக்கு முதுகைக் காட்டி மேஜை முன் உட்கார்ந்து அதை ஒரு காதில் மாட்டினான். மாட்டியவுடனேயே தெரிந்தது. உறை மெத்தென்று காதைச் சுற்றி உட்கார்ந்தது, எங்கும் அழுத்தவில்லை, தலையில் ஒன்று இருப்பதே தெரியவில்லை. இந்த விலைக்கு இப்படி ஒன்றை அவன் பார்த்ததே இல்லை. ஆசை யாரை விட்டது! ஒரே ஒரு ஆட்டம் என்று இரண்டு காதையும் மூடினான். சேவல்கள் நின்றுபோயின. மின்விசிறி நின்றுபோனது. நொண்டிச் சேவல் கழுத்தை நீட்டி வாயைத் திறப்பது ஜன்னல் வழியே கண்ணுக்குத் தெரிந்தது, குரல் வரவில்லை. அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஒரு ஆட்டம் இரண்டானது, இரண்டு மூன்றானது. மூன்றாவதில்தானே குணம் தெரியும்.

கழற்றிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தபோதுதான் அப்பா தரையில் கிடப்பதைப் பார்த்தான். மூத்திரத்தில் நனைந்து, ஒருக்களித்து, இடுப்பு கோணிக் கிடந்தார். கோப்பை கட்டிலடியில் உருண்டிருந்தது. கரண்டி இன்னும் இடது கைக்குள் இறுகியிருந்தது. எவ்வளவு நேரம் தட்டினாரோ, தட்டித் தட்டிப் பார்த்து யாரும் வராமல், மானத்துக்குப் பயந்து தானே எழுந்திருக்கப் பார்த்திருக்கிறார்.

டெல்மார் பதறி அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்தான், துடைத்தான், அழுதான், எல்லாம் உண்மைதான். ஆனால் வாசலில் லூவியின் குரல் கேட்டதும் அவன் கை வேறொரு காரியம் செய்தது. அப்பாவின் விரல்களைப் பிரித்துக் கரண்டியை எடுத்து, கோப்பையோடு முக்காலியில் பழையபடி வைத்தது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லூவி கோழிக்கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"ஐயோ அப்பா! என்ன பண்ணினீங்க? ஏன் நீங்களா எந்திரிச்சீங்க?" முக்காலியைப் பார்த்தாள். "கோப்பை வெச்ச எடத்துலயே இருக்கே! தட்டினீங்களா இல்லியா?"

தியோபிலோ மகனைப் பார்த்தார். பிறகு தலையை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். தட்டவில்லையாம்.

அந்தத் தலையாட்டலை டெல்மாரால் தாங்க முடியவில்லை. கவிழ்ந்து கிடந்த கோழிக்கூடையை நிமிர்த்தி வைக்கப் போனான்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இந்தப் பலவீனமான இருதயத்தோடு கத்தி வைக்க முடியாது என்று டாக்டர் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். முன்பு பிடித்துத் தூக்கினால் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து ரோட்டில் போகிற ஜீப்னிகளைப் பார்ப்பார். இனி அதுவும் இல்லை. கட்டில்தான் எல்லாம்.

ரோமுலோ ரொட்டிப் பொட்டலத்தோடு பார்க்க வந்தான். லூவி கொல்லை வாசலில் கோழி கழுவிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"இந்த நேரத்துல கேக்கறதுக்கே கூச்சமா இருக்கு, பாரே. அந்த ஹெட்செட் என்னாச்சு? நான் கடையில மாட்டிப் பாத்தேன். தலையணையில தலை வெச்ச மாதிரி இருக்கு. எத்தனை சேவல் குடுக்கற?"

லூவியின் கை நின்றது. "அன்னிக்கு நீ மாட்டியிருந்தது அதுதானே, டெல்?"

"அதுதான்."

"ஒரு காதுலதானே?"

'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். ஆனால் வேலை செய்த மேஜை அப்பா கட்டிலுக்கு எதிரே; இரண்டு காதும் மூடியிருந்ததை அவர் பார்த்திருந்தார். அப்பாவின் கண் அவன் மேலேயே இருந்தது. முழுப்பொய் வரவில்லை. பாதிப் பொய்தான் வந்தது, அது முழுப்பொய்யைவிட மோசமாகப் போயிற்று.

"கடைசில கொஞ்ச நேரம் ரெண்டு காதுலயும் போட்டேன். ஆனா அது ஓட்டை ஹெட்செட் லூவி. ஏழு சேவலும் கேக்குது. அப்பா இருமினாக்கூடக் கேட்டிருக்கும்."

"ஏழுமா?" ரோமுலோவின் வாய் திறந்தபடி நின்றது. "நொண்டி கூடவா?"

"நொண்டிதான் முதல்ல கேக்குது."

"ஹூம்" என்றாள் லூவி. கோழியைத் திருப்பிப் போட்டாள். "அப்போ இவர்தான் தட்டல. பிடிவாதம். ஜீப்னி ஓட்டின காலத்துலயே யார் சொல்லி யார் கேட்டாரு?"

சொன்ன பிறகு வீடியோவும் அப்படியே போட வேண்டியதாயிற்று. டெல்மார் கேமரா முன்னால் உட்கார்ந்து, அந்த மெத்தென்ற உறையை விரலால் அமுக்கிக் காட்டி, 'சுகமாத்தான் இருக்கு, ஆனா சல்லடை; ஏழு சேவல்' என்றான். வீடியோவுக்குக் கீழே எழுதியவர்களில் ஒருத்தரும் சந்தேகப்படவில்லை. எல்லோரும் நன்றி சொன்னார்கள். அதுதான் அவனை உறுத்தியது.

ரோமுலோ சண்டைக்கு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் வரவில்லை. சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டு, அடுத்த வாரம் வந்து டெல்மாரின் காதோரம் குனிந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி ரகசியம் சொன்னான்.

"பாரே, எனக்குக் காது போயிடுச்சு."

"என்ன ஒளர்ற?"

"என்ன? சத்தமாப் பேசு! அந்த ஹெட்செட்டை நான் போட்டப்ப ஒண்ணுமே கேக்கல பாரே. எம் பொண்டாட்டி சாப்பிடக் கூப்பிட்டிருக்கா, கேக்கல. பக்கத்துக் கடைக்காரன் கத்தியிருக்கான், கேக்கல. ஹெட்செட் நல்ல ஹெட்செட்டுன்னு நெனச்சுட்டேன். நீ ஏழு சேவல் கேக்குதுங்கற. அப்ப கோளாறு எங்க? இங்கதானே!" என்று தன் காதையே அறைந்துகொண்டான்.

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டாம? கொஞ்சம் அழுக்கு எடுத்துட்டு, காது நல்லாருக்குங்கறாரு. அவருக்கு என்ன தெரியும்? உன் காதா அவர் காது?" ரோமுலோ சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "கோவில்ல பாட்டுக் குழுவுக்கு இனிமே வரலன்னு பாதர்கிட்டச் சொல்லிட்டேன். காது போனவன் கித்தார் வாசிச்சா மத்தவங்க சுருதியும்ல கெடும்."

டெல்மாரின் கல்யாணத்தில் அப்பா ரோமுலோவின் கித்தாருக்குத்தான் ஆடினார். "கொஞ்ச நாள்ல சரியாயிடும்" என்றான் டெல்மார். என்ன சரியாகும் என்று அவனுக்கே தெரியவில்லை.

வீட்டில் அப்பா தட்டுவதை விட்டுவிட்டார். கோப்பையைக் கையில் கொடுத்தாலும் வாங்கி மார்பில் வைத்துக்கொள்வார். படுக்கை நனையும். லூவி கெட்டவள் இல்லை. துணி மாற்றி, முதுகில் பவுடர் போட்டு, கஞ்சியை ஊதி ஊதி ஊட்டுகிறவள். ஆனால் வாய் நிற்காது.

"ஒரு தட்டு தட்டினா என்னப்பா? அன்னிக்குத் தட்டியிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா? மகன் இங்கதானே இருந்தான், பத்தடி தூரத்துல? காதைத் தீட்டி வெச்சுட்டு இருக்கற மகன்! ஊருக்கே கேட்டுச் சொல்றவனுக்கு உங்க கோப்பைச் சத்தம் கேக்காதா?"

தியோபிலோ கண்ணை மூடிக்கொள்வார். டெல்மார் எழுந்து வெளியே போய்விடுவான். கொல்லையில் குலாஸின் சேவல்கள் அவனைத் தலை சாய்த்துப் பார்க்கும். அவற்றைப் பார்க்கவே அவனுக்கு எரிச்சலாக இருக்கும். புதிதாக வந்த ஹெட்செட்டுகள் பெட்டி பிரிக்காமல் கிடந்தன. ரோமுலோ கொடுத்தது மட்டும் சோற்றுப் பானையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பித் தரவும் மனமில்லை, தொடவும் மனமில்லை.

ஒரு நாள் மத்தியானம் லூவிக்கு மண்டையிடி. முந்தின நாள் கரிப்புகை, தூக்கமில்லை. எலுமிச்சைப்புல்லை நசுக்கி, இஞ்சி பூண்டு தட்டி, கலமான்சி எலுமிச்சை பிழிந்து கோழியில் தடவிக்கொண்டிருந்தாள். குலாஸ் தீனித் தகரத்தைக் கலகலவென்று ஆட்டினான். ஏழும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தன.

"ஒரு நாளைக்கு இதுங்களை மொத்தமா மூங்கில்ல குத்தி நெருப்புல காட்டத்தான் போறேன்" என்று கத்தினாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அந்த ஓட்டை ஹெட்செட்டையாவது குடு. பாதிச் சத்தம் கொறைஞ்சாலும் புண்ணியம்."

டெல்மார் எழுவதற்குள் அவளே பானையிலிருந்து உருவி மாட்டிக்கொண்டாள். திரும்ப உட்கார்ந்து கோழியை எடுத்தாள். அவள் முகம் இளகுவதை அவன் பார்த்தான். நெற்றிச் சுருக்கம் போனது. ஏதோ பழைய பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

அப்போது அப்பா தட்டினார்.

விழுந்த நாளுக்குப் பிறகு முதல் தட்டு. எனாமலில் கரண்டி, நிறுத்தாமல். டெல்மார் உள்ளே ஓடி பாட்டிலைப் பிடித்தான். முடிந்ததும் அப்பா அவன் மணிக்கட்டை விடவில்லை. திறந்த கதவு வழியே கொல்லையில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருக்கும் மருமகளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பார்வையில் கோபம் கொஞ்சம்கூட இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

அவன் கொல்லைக்கு வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

"லூவி, அப்பா தட்டினாரு" என்றான். அவள் பாடிக்கொண்டிருந்தாள். "அன்னிக்கும் தட்டினாரு. எனக்குத்தான் கேக்கல. கரண்டி அவர் கையிலதான் இருந்துச்சு. நான்தான் எடுத்து முக்காலியில வெச்சேன். உனக்குப் பயந்துதான் வெச்சேன். எனக்காக அவர் பொய் சொன்னாரு."

இத்தனை நாள் தொண்டையில் நின்றது எவ்வளவு லேசாக வந்துவிட்டது! கேட்காத காதில் சொல்வதற்கு என்ன கஷ்டம்.

லூவி கிண்ணத்துக்காகத் திரும்பினாள். அவன் வாய் அசைவதைப் பார்த்து ஒரு பக்கத்தைத் தூக்கினாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

அவள் மறுபடி மூடப் போனாள். மூடவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஏழு சேவல்களும் உயிர் போகக் கூவிக்கொண்டிருந்தன. காதை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடி, நொண்டிச் சேவல் கழுத்தை நீட்டுகிறவரை அதையே பார்த்தாள். அது வாயைத் திறந்து மூடியது. ஹெட்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒண்ணுகூடக் கேக்கல, டெல்."

அவன் குனிந்து கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி வைத்தான்.

"ஏழும் கேக்குதுன்ன. அப்பா இருமினாக்கூடக் கேட்டிருக்கும்ன. இப்ப உள்ள எதுக்குப் போன? அவர் தட்டினாரா?"

"தட்டினாரு."

"அன்னிக்கு?"

இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. "தட்டினாரு. கரண்டி... அவர் கையில இருந்துச்சு. நீ வர்றதுக்குள்ள நான் எடுத்து வெச்சேன்."

லூவி அவனை அடிப்பாள் என்று நினைத்தான். அவள் எண்ணெய்க் கையோடு உள்ளே போய்க் கட்டில் பக்கம் மண்டியிட்டாள். "அப்பா, நான் என்னெல்லாம் பேசிட்டேன். நீங்களும் கேட்டுட்டே இருந்தீங்களே" என்று அவர் கையில் முகத்தை வைத்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ரோமுலோ கித்தாரை விட்டுட்டாரு. தெரியுமில்ல?"

"இப்பவே போய்ச் சொல்றேன். வீடியோவும் மாத்திப் போடறேன். நடந்ததைச் சொல்லியே போடறேன்."

"போகலாம். அதுக்கு முன்னாடி இங்க வா." கோப்பையையும் கரண்டியையும் எடுத்து அவன் கையில் திணித்தாள். "தட்டு."

"லூவி..."

"நான் உன் மேஜைகிட்ட நிக்கறேன். ரெண்டு காதையும் மூடிக்கறேன். அவர் எவ்வளவு தட்டியிருப்பாருன்னு எனக்குத் தெரியணும். கேட்டா நானே கழட்டறேன். அதுவரைக்கும் நிறுத்தாதே. இடது கையால தட்டு."

மேஜையருகே போய் நின்று, சுவரைப் பார்த்துத் திரும்பி, ஹெட்செட்டை மாட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

டெல்மார் தட்டினான். முதலில் மெதுவாக, பிறகு ஓங்கி. அந்தச் சின்ன அறையில் சத்தம் அவன் பல்லில் போய் அதிர்ந்தது. லூவியின் முதுகு அசையவில்லை. இடது கை பழக்கமில்லாமல் விரல் நழுவியது. இறுக்கிப் பிடித்துத் தட்டினான். தோள் வலித்தது. வெளியே சேவல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ரோட்டில் ஒரு ஜீப்னி நின்று ஆளை இறக்கிவிட்டுப் போனது. எனாமல் பெயர்ந்து தரையில் விழுந்தது. கண்ணீர் வழிந்து கோப்பைக்குள் விழ, நிறுத்தாமல் தட்டினான்.

கட்டிலிலிருந்து இடது கை நீண்டு வந்தது. தியோபிலோ மகனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கரண்டியை எடுத்துக்கொண்டார். எடுத்ததைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, போதும் என்று தலையாட்டினார்.

அறை அமைதியானது. லூவிக்கு அது தெரியாது. சுவரைப் பார்த்தபடி, சத்தம் வருமா என்று அவள் இன்னும் கேட்டுக்கொண்டு நின்றாள்.